அனுமதி அக்கா

எங்கள் பதிப்பகத்தில் அவரை எல்லோரும் அனுமதி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் புத்தகம் ஒன்றிலிருந்து இரண்டு பக்கத்தைப் பாடநூலில் சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டாலும், ஒரு நாடகக் குழு எங்கள் எழுத்தாளரின் கதையை மேடையேற்ற விரும்பினாலும், அந்தக் கடிதம் கடைசியில் அக்காவின் மேசைக்குத்தான் வந்து சேரும். அக்கா எழுத்தாளருக்கு எழுதுவார். எழுத்தாளர் இறந்துபோயிருந்தால் மனைவிக்கு. மனைவியும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்குமிடம் தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் வேலை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி. அதற்கு மேலே அவருடைய உச்சந்தலை மட்டும் எனக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே, போனில் பேசுகிற வாரிசு எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். இடது பக்கம் சாய்ந்தால் சொத்துத் தகராறு. நிமிர்ந்து உட்கார்ந்தால் வக்கீல். தலையே மறைந்துவிட்டால், எதிர்முனையில் யாரோ அழுகிறார்கள், அக்கா மேசைமேல் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டில் அவரும் அவர் கணவரும் மட்டும்தான். கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. மூன்றாம் மாடியில் குடியிருந்ததால் வாரத்துக்கு ஒருமுறைதான் கீழே இறங்குவார். "நான் இப்ப மலைவாசி," என்பார்.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, சின்னவர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்னவர்தான் முதலாளி. அவருடைய அப்பா பெரியவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகியும், நாற்பத்திரண்டு வயதாகியும், அவர் எங்களுக்குச் சின்னவர்தான். கெட்டவர் இல்லை. காகித விலையும் மூடிக்கொண்டிருக்கிற புத்தகக் கடைகளும் சேர்ந்து அவர் முகத்தை எப்போதும் தூக்கம் கெட்டவர் முகமாக வைத்திருந்தன.

என் மெய்ப்பில் ஒரு சந்தேகம் கேட்க நானும் அப்போது அவர் அறையில் நின்றிருந்தேன்.

"அக்கா, ஒரு ஏஐ கம்பெனி நம்மகிட்ட வந்திருக்காங்க," என்றார் சின்னவர். "நம்ம புத்தகம் எல்லாத்தையும் அவங்க மிஷினுக்குப் பயிற்சி குடுக்க உரிமம் கேக்கறாங்க. மொத்தம் ஆயிரத்து இருநூறு புத்தகம். நம்ம வக்கீல் சொல்றார், பழைய ஒப்பந்தத்துல எல்லாம் அச்சுப் போடற உரிமைதான் நமக்கு இருக்காம். இதுக்குத் தனியா எழுதி வாங்கணுமாம்."

"எத்தனை பேர்கிட்ட சார்?"

"அறுநூத்தி முப்பது பேர்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அதுல பாதிப் பேர் உயிரோட இல்லையே சார்."

"வாரிசுங்க இருப்பாங்க இல்ல?"

"இருப்பாங்க. அதுதான் கஷ்டம்."

சின்னவர் ஒரு தாளை நகர்த்தினார். கம்பெனி வக்கீல்கள் தயாரித்துக் கொடுத்த கடிதம். ஒரே பக்கம். அக்கா படித்துவிட்டுக் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், உரிமையாளர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

"இத்தனை வருஷமா பதில் வரலைன்னா அச்சுக்குப் போகாதுன்னு அர்த்தம் சார். இப்ப பதில் வரலைன்னா சரின்னு அர்த்தமா?"

"எல்லாப் பதிப்பகத்துக்கும் இதே கடிதம்தான் அக்கா. நான் என்ன பண்ண?"

சண்டை போடுகிற ஆள் அக்கா இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் குடித்து, கணினியில் பட்டியலைத் திறந்தார். வரிசை எண், புத்தகம், ஆசிரியர், உரிமை யாருடையது, அனுமதி. ஐந்து பத்திகள். மூன்று வாரம் அதை நிரப்பினார். பிறகு அறுநூற்று முப்பது உறைகள் பதிவுத் தபாலில் போயின.

அடுத்து ஆரம்பித்தது போன். கடிதம் மட்டும் போதும் என்றார் சின்னவர். அக்கா கேட்கவில்லை. "கடுதாசியைப் பிரிச்சே பாக்காதவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்," என்று என்னிடம் முனகிவிட்டு நாளைக்கு இருபது பேரைக் கூப்பிட்டார்.

பயண நூல்கள் எழுதிய ஒருவரின் மகள் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் என் மேசை வரை கேட்டது. விஷயத்தை அக்கா இரண்டு முறை விளக்கினார். "தாராளமா குடுங்க மேடம்," என்றார் அந்தப் பெண். "எங்கப்பா எழுதினதை நாங்க யாருமே படிக்கல. மிஷினாவது படிக்கட்டும்."

இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அம்மா எழுதிய ஒரே நாவலுக்கு இருவரும் பாதிப் பாதி உரிமையாளர்கள். அண்ணன் கேட்டார்: "அவன் கையெழுத்துப் போட்டானா?" இன்னும் இல்லை என்றார் அக்கா. "அப்ப நான் போடறேன்." தம்பியைக் கூப்பிட்டால் அவரும் அதே கேள்வி. அண்ணன் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும், "அப்ப நான் போட மாட்டேன்" என்று வைத்துவிட்டார். அக்கா பட்டியலில் 'மறுப்பு' என்று எழுதினார். காரணம் என்ன போடுவது என்று யோசித்து, 'குடும்பம்' என்று தட்டினார்.

துப்பறியும் நாவல்கள் எழுதிய ஓர் அம்மாள். எண்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் அவர் புத்தகம் வந்த வாரம் எங்கள் கிடங்கில் மூட்டை கட்ட ஆள் பத்தாது. அவருக்குக் காது மந்தம் என்பதால் அக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. அறையே கேட்டுக்கொண்டிருந்தது.

"அது என் கதையைப் படிக்குமா?" என்றார் அம்மாள்.

"படிக்கும்மா."

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுக்கக் கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருக்குமா?"

"தெரியலம்மா. மொத்தமா ஒரே வாயில முழுங்கிடும்னுதான் நினைக்கிறேன்."

"அப்படிப் படிக்கறவங்களை எனக்குப் பிடிக்காது." அம்மாளே அடுத்த கேள்வியையும் கேட்டார். "படிச்சுட்டு என்ன பண்ணும்?"

"கேட்டா, உங்களை மாதிரியே எழுதிக் காட்டுமாம்."

"எனக்கு எழுத வராமப் போயி ஆறு வருஷம் ஆவுது கண்ணு. கை நடுங்குது, பேர் எல்லாம் மறந்து போவுது. நான் இங்க ஒரு வரிக்கு முட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், அங்க ஒண்ணு என்னை மாதிரியே எழுதித் தள்ளிக்கிட்டு இருக்கும். அதை நான் பாக்கணுமா? வேண்டாம்னு எழுதிக்கோ."

அக்கா எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது வாரத்திலிருந்து உறைகள் திரும்பி வரத் தொடங்கின. 'முகவரியில் இல்லை.' 'வீடு பூட்டியிருந்தது.' 'காலமானார்.' தபால்காரர் ரப்பர் வளையம் மாட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். அலமாரி மேல் அவற்றை அடுக்க அடுக்க, அக்காவின் உச்சந்தலையும் எனக்கு மறைந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் அவர் கணவரின் அண்ணன் இறந்துபோனார். அக்கா நான்கு நாள் விடுப்பில் போனார். அப்போது நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம். வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கணவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, போனில் வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மாதிரி, ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். திடீரென்று, "இதைக் கேளேன்," என்றார். "நம்ம டிப்போ மெக்கானிக் அனுப்பியிருக்கான். அவனுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு தெரியாமப் போச்சே!"

படித்தார். "இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். எழுத முடியாத நாட்கள் இவை என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் வரும்போது வாசலில் எவ்வளவு நேரமானாலும் நிற்கிறோம். மெதுவாக எழுந்து வந்து திறந்தால் போதும்."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "மறுபடி படிங்க," என்றார்.

மறுபடி படித்தார் கணவர்.

"அது நான் எழுதினதுங்க."

பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம். அக்காவுக்கு இருபத்தேழு வயது. பக்கக் கணக்கில் மெய்ப்புத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதிரிக் கடிதங்கள் கொண்ட மலிவுப் பதிப்பு ஒன்று வேண்டும் என்று பெரியவர் கேட்டார். விடுப்பு விண்ணப்பம், வீட்டுக்காரருக்கு முறையீடு, வேலைக்கு மனு, வாழ்த்து, இரங்கல். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே எழுதினார். இரண்டு மாதம் முன்புதான் அவருடைய அப்பா இறந்திருந்தார். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டுமே என்று அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு வரியும் வராது. யாராவது கதவைத் தட்டினால் அம்மா எழுந்து போய்த் திறப்பதற்குள் வந்தவர்கள் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். அதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த நான்கு வரிகளை எழுதினார்.

புத்தகம் 'அன்றாடக் கடிதங்கள்' என்ற பெயரில் வந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆசிரியர் குழு' என்று போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் அக்கா ஒருவர்தான். பெரியவர் ஒரு பேனா கொடுத்துப் பாராட்டினார், அடுத்த வருஷம் வேலையும் கொடுத்தார். புத்தகம் இருபத்து நான்கு முறை அச்சாகிவிட்டது. எங்கள் நாவலாசிரியர்கள் எல்லோரையும் அதுதான் காப்பாற்றியது என்று கிடங்கில் கேலியாகச் சொல்வார்கள்.

கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உலகத்துல வேற யாருக்கும் இப்படித் தோணாதா?"

"முதல் வரி தோணும். வாசல்ல நிக்கறது கூடவா தோணும்?"

மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார் கணவர். அந்த மனுஷர் வெட்கப்பட்டார். "எனக்கு எங்கண்ணே எழுத வரும்? போன்ல இருக்கற ஏஐ-கிட்ட, நம்ம நண்பரோட அண்ணன் தவறிட்டார், நல்லதா நாலு வரி எழுதிக் குடுன்னேன். குடுத்துச்சு. ஏண்ணே, தப்பா எதாச்சும் இருக்கா?"

"இல்லப்பா, ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் கேட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"கோவம் வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன் நான், இதைச் சொல்லும்போது.

"கோவம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அப்ப எனக்கு அந்த வரி ஆறுதலாத்தான் இருந்துச்சு. அதுதான் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. எழுதினவளுக்கே, யாரோ ஒரு ஆள் சொல்ற மாதிரி."

அது எப்படி உள்ளே போயிருக்கும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஆறு வருஷம் முன்பு யாரோ அந்தப் புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். எடுக்கச் சொல்லி அக்காவே நான்கு கடிதம் எழுதினார். எழுதிய ஒரு வாரம் காணாமல் போகும், பிறகு வேறு இடத்தில் முளைக்கும்.

விடுப்பு முடிந்து வந்த அன்று அவர் முதலில் பட்டியலைத் திறந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது திரையைக் காட்டினார். வரிசை எண் எண்ணூற்றுப் பதினொன்று. அன்றாடக் கடிதங்கள். ஆசிரியர் குழு. உரிமை: நிறுவனம். அனுமதி: தேவையில்லை.

"இந்தத் தேவையில்லையை யார் அடிச்சது தெரியுமா?" என்றார். "நான்தான். எண்ணூத்திப் பத்து முடிஞ்சுது, அடிச்சேன், எண்ணூத்திப் பன்னெண்டுக்குப் போயிட்டேன். ஒரு நிமிஷம் கூட நிக்கல."

அன்றைக்குப் பூராவும் பழைய கோப்புகளைப் புரட்டினார். அந்தப் புத்தகத்துக்கு ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் இல்லை.

முப்பது நாள் கெடு முடிந்து மேலும் ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி உறுதிமொழிப் படிவம் அனுப்பியது. எல்லா உரிமையாளர்களிடமும் முறைப்படி கேட்கப்பட்டது, மறுத்தவர்கள் நீக்கப்பட்டனர், மற்றவர்கள் ஒப்புக்கொண்டனர் என்று அனுமதிப் பிரிவு கையெழுத்திட வேண்டும். அனுமதிப் பிரிவு என்றால் அக்காதான். சின்னவர் படிவத்துடன் நேரே அக்காவின் மேசைக்கே வந்துவிட்டார். அலமாரிக்கு இந்தப் பக்கம் நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அக்கா மூன்று தாள்களைக் கொடுத்தார். "சரின்னவங்க நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. வேண்டாம்னவங்க முப்பத்தி நாலு. மிச்சம் நானூத்தி அஞ்சு பேர்கிட்ட இருந்து பதில் இல்ல. இதை மூணாவே அனுப்புங்க சார். ரெண்டா சேத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா, கடிதத்துல அந்த வரி இருக்கு. முப்பது நாள்..."

"கடிதம் போய்ச் சேந்தாத்தானே சார் அந்த வரி? இங்க பாருங்க." திரும்பி வந்த கட்டுகளைக் காட்டினார். "காலமானார்னு எழுதி வந்திருக்கு. காலமானவர் ஒத்துக்கிட்டார்னு நான் எப்படி எழுதறது?"

சின்னவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "இது நடக்கலைன்னா இந்த வருஷம் புதுப் புத்தகமே போட முடியாது அக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் தம்பி." அலுவலகத்தில் அவரை எப்போதும் சார் என்று கூப்பிடுகிறவர் அக்கா. பள்ளிச் சீருடையில் கிடங்கில் ஓடிப்பிடித்து விளையாடிய பையனை அவருக்குத் தெரியும் என்றாலும், ஒரு நாளும் வாய் தவறியதில்லை. அன்றைக்குத் தவறிவிட்டது. "சரின்னவங்களோடதைக் குடுங்க. மிச்சப் பேரை நான் தேடறேன்."

பிறகு அக்கா எண்ணூற்றுப் பதினொன்றைப் பற்றிச் சொன்னார். நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சின்னவர் திகைத்துப்போனார். அந்தப் புத்தகத்தை எழுதியது யார் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அப்பா சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அங்கேயே வக்கீலுக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"எழுதிக் குடுத்த ஒப்பந்தம் இல்லைன்னா, வேலைக்குச் சேரறதுக்கு முன்னாடி எழுதினதுன்னா, அது உங்களோடதுதான்கிறார். அப்பா காலத்துல இருந்து நாங்க போட்டுக்கிட்டு இருக்கோம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப நான் கேக்கறேன் அக்கா. முறையாவே கேக்கறேன். இதைக் குடுக்கலாமா?"

"அச்சுப் போடுங்க. எப்பவும் போல போடுங்க. மிஷினுக்கு வேண்டாம்."

"அது ஏற்கெனவே உள்ள போயிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப வேண்டாம்னு சொல்லி என்ன ஆகப் போவுது?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம்?"

"கேட்டீங்க இல்ல? பதில் சொல்றேன்."

சின்னவர் எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று வாரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று பட்டியலாகவே அனுப்பினார். கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒப்புக்கொண்டவர்களின் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். மற்றவை அவர்களுக்குத் தேவையே இல்லையா, அல்லது ஏற்கெனவே இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் பதினொரு புதுப் புத்தகம் போட்டோம். முந்தின வருஷம் முப்பது.

இருபத்தைந்தாம் அச்சுக்கு 'அன்றாடக் கடிதங்கள்' என் மேசைக்கு வந்தபோது, முகப்புப் பக்கத்தில் சின்னவரின் கையெழுத்தில் திருத்தம் இருந்தது. 'ஆசிரியர் குழு' அடிக்கப்பட்டு அக்காவின் பெயர். மெய்ப்பை அவரிடமே கொடுத்தேன். பெயரை ஒரு முறை பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாய் பற்றிய முறையீட்டுக் கடிதத்தில் ஓர் ஒற்றுப்பிழையைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பெயர் எல்லாம் வேண்டாம்னுதான் சொல்ல நினைச்சேன்," என்றார். "சொல்லப் போனா அதுக்கு நாலு பேச்சுப் பேசணும். அலுப்பா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பதில் வராத நானூற்று ஐந்து பேரை அவர் தேடத்தான் செய்தார். நாளைக்கு நான்கு பேர், ஐந்து பேர். யாரும் அவரைத் தேடச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்துபோன விஷயம். ஏழு மாதத்தில் அறுபது பேர் கிடைத்தார்கள். சிலர் சரி என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள், பெரும்பாலானவர்கள், "எங்க தாத்தா புத்தகம் எழுதினவரா?" என்று கேட்டார்கள்.

ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். கணவரின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள், அதுதான் காரணம் என்றார். சின்னவர் இருக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். கடைசி நாளன்று பேச்சு, மாலை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐந்து மணி வரை போனில் இருந்தார். பட்டியலின் கோப்பை என் மேசையில் வைத்தார். அந்த வேலையையும் சேர்த்து நான் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். கைப்பையைத் தவிர அவர் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே என்ன பண்ணப் போறீங்க அக்கா?"

"தூங்கப் போறேன்." நடந்துகொண்டே யோசித்தார். "கொஞ்ச நாள் யார்கிட்டயும் எதையும் கேக்காம இருக்கணும். கடையில கூட அவர்தான் போயிக் கேக்கணும், கால் சரியானதும்."

பஸ் கூட்டமாக வந்தது. முன்படியில் ஏறினார். உள்ளே ஒரு பெண் எழுந்து இடம் கொடுப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. வேண்டாம் என்று முதலில் கையை ஆட்டியவர், பஸ் நகர்ந்ததும் உட்கார்ந்துவிட்டார்.